என் பேட்மேனை என்ன செய்தீர்கள்?

காமிக்ஸ் படமாகும்போது ரசிகர் ஏன் கொதிக்கிறார்? எதை மன்னிக்கிறார், எதை மன்னிப்பதே இல்லை? 50,000 கடிதங்களில் தொடங்கி நான்கு மணி நேர 'ஸ்னைடர் கட்' வரை ஒரு பார்வை.

1988-ம் ஆண்டின் பிற்பாதி. கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரிலுள்ள வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவுக்குத் தபால் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. சுமார் 50,000 கடிதங்கள். எல்லாவற்றிலும் கண்டனம், கெஞ்சல், சாபம். ஒரு காட்சிகூடத் திரைக்கு வராத படத்துக்கு இத்தனை எதிர்ப்பு எழ ஒரே ஒரு பெயர்தான் காரணம்: மைக்கேல் கீட்டன்.

கீட்டன் அப்போது சிரிப்பு நடிகர். 'மிஸ்டர் மாம்' (1983) படத்தில் வேலை போனதால் வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பா. 'பீட்டில்ஜூஸ்' (1988) படத்தில் சேட்டைக்காரப் பேய். காமிக்ஸில் பேட்மேன் என்றால் அகன்ற தாடை, மலை போன்ற தோள். கீட்டனிடம் இரண்டும் இல்லை. முன்நெற்றி வேறு ஏறத் தொடங்கியிருந்தது. 'இவரா பேட்மேன்?' என்ற கேள்வி காமிக்ஸ் கடைகளைத் தாண்டி, நவம்பர் மாதத்தில் 'தி வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழின் முதல் பக்கத்துக்கே போய்விட்டது. பங்குச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பத்திரிகை, பொம்மைப் புத்தகம் படிப்பவர்களின் கவலையைச் செய்தியாக்கியது. முதலீட்டாளர்கள் அதைப் படித்தார்கள். ஸ்டூடியோவுக்கு வியர்த்தது.

இதற்கு முன்பும் காமிக்ஸ் படங்கள் வந்திருக்கின்றன. ஆனால் ரசிகரின் கோபத்தைப் பெரிய ஸ்டூடியோ ஒன்று தொழில் ஆபத்தாக எடுத்துக்கொண்டது இங்கேதான். அடுத்த 35 ஆண்டுகளில் அந்தக் கோபம் பல வடிவம் எடுத்தது. நடிகரை விரட்டப் பார்த்தது. தூக்கிப்போட்ட படத்தைத் தோண்டி எடுக்கவைத்தது. சில நேரங்களில் சக மனிதர்களைக் கடித்துக் குதறவும் செய்தது. ஹாலிவுட்டோ அதற்கு அஞ்சியது, பிறகு அதை விலைக்கு விற்கக் கற்றுக்கொண்டது.

ஊர் சிரித்த வலி

கடிதம் எழுதியவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று ஒதுக்கிவிடலாம். அதற்கு முன் 1966-க்குப் போய்வர வேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் 'பேட்மேன்' தொடர் தொடங்கியது. ஆடம் வெஸ்ட் நாயகன். ஒவ்வொரு குத்துக்கும் 'பவ்', 'ஸாப்' என்று கலர் கலராக எழுத்துகள் திரையில் வெடிக்கும். அமெரிக்காவே விழுந்து விழுந்து சிரித்தது. நியூ ஜெர்சியில் 14 வயதுப் பையன் ஒருவன் மட்டும் முகம் சுருங்கிப்போனான். பெயர் மைக்கேல் உஸ்லன். உலகம் பேட்மேனோடு சேர்ந்து சிரிக்கவில்லை, பேட்மேனைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. கண் முன்னால் பெற்றோர் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு சிறுவனின் கதை அது. பாப் கேனும் பில் ஃபிங்கரும் 1939-ல் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ம் இதழில் உலவவிட்ட அந்த இருட்டு மனிதனை என்றாவது ஒருநாள் அப்படியே திரைக்குக் கொண்டுவருவேன் என்று அவன் அன்றைக்குச் சபதம் எடுத்துக்கொண்டதாக, பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் சொல்கிறார்.

சொன்னதோடு நிற்கவில்லை. இண்டியானா பல்கலைக்கழகத்தில் காமிக்ஸைப் பாடமாக நடத்தினார். சட்டம் படித்தார். 1979-ல் பெஞ்சமின் மெல்னிக்கர் என்ற மூத்த ஹாலிவுட் புள்ளியோடு கூட்டுச் சேர்ந்து பேட்மேன் படத்துக்கான உரிமையை வாங்கினார். ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கினார். 'அந்த டிவி கோமாளியையா?' என்ற தோரணையில்தான் பதில் வந்தது. படம் வெளிவர அதன்பிறகு பத்து ஆண்டுகள் ஆயின.

இப்படி வாழ்நாளையே அடகு வைத்த ரசிகருக்கும், படத்தின் இயக்குநர் டிம் பர்ட்டன் கீட்டன் பெயரைச் சொன்னதும் தூக்கிவாரிப் போட்டது. பர்ட்டன் சொன்ன விளக்கம்தான் அவரை மாற்றியது. அகன்ற தாடையும் தசைகளும் உள்ள ஒருவன் எதற்காக வவ்வால் வேஷம் போட வேண்டும்? அவன் சும்மா நின்றாலே எதிரி ஓடிவிடுவானே. உள்ளுக்குள் ஏதோ உடைந்துபோன, கண்ணில் வெறி தெரிகிற ஒரு சாதாரண மனிதன் அந்த உடையைப் போட்டால்தான் நம்ப முடியும். பர்ட்டனின் கணக்கு இதுதான்.

ரசிகர்களுக்கோ இது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், இருபது வருடப் போராட்டத்துக்குப் பிறகு இப்போதுதான் காகிதத்தில் பேட்மேனை மீட்டிருக்கிறோம் என்பது. டென்னிஸ் ஓநீலும் நீல் ஆடம்ஸும் எழுபதுகளில் அவரை மறுபடி இருட்டுக்கு அழைத்துப் போனார்கள். 1986-ல் ஃபிராங்க் மில்லரின் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' வந்தபோது பெரியவர்கள் படிக்கும் பத்திரிகைகள்கூட விமர்சனம் எழுதின. மானம் திரும்பி வந்த நேரத்தில் சிரிப்பு நடிகரா? கடித மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது பழைய காயம்.

72 ஓட்டில் ஒரு கொலை

கடிதங்கள் குவிந்த அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. காமிக்ஸில் பேட்மேனுக்குத் துணையாக வரும் அன்றைய ராபின், ஜேசன் டாட், வாசகர்களுக்குப் பிடிக்காத பையனாகிவிட்டான். 1988 செப்டம்பரில் டிசி காமிக்ஸ் இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்தது. ஒன்று ராபின் பிழைக்க, மற்றது சாக. ஓர் அழைப்புக்கு 50 சென்ட். 36 மணி நேரத்தில் 10,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள். சாகட்டும் என்றவர்கள் 5,343. வாழட்டும் என்றவர்கள் 5,271. வெறும் 72 ஓட்டு வித்தியாசத்தில் ஜோக்கர் வைத்த குண்டில் அந்தப் பையன் செத்துப்போனான்.

டிசி காமிக்ஸும் வார்னர் பிரதர்ஸும் அப்போதே ஒரே முதலாளியின் கீழ் இருந்த நிறுவனங்கள். ஒரு கையால் வாசகருக்கு ஒரு பாத்திரத்தைக் கொல்லும் உரிமையைக் கொடுத்துவிட்டு, மறு கையால் நாயகனை மாற்றும்போது 'இவர்கள் யார் கேட்பதற்கு?' என்று ஸ்டூடியோ ஆச்சரியப்பட்டதுதான் வேடிக்கை.

தயாரிப்பாளர் ஜான் பீட்டர்ஸ் வாதம் செய்து நேரத்தை வீணாக்கவில்லை. அவசர அவசரமாக ஒன்றரை நிமிட முன்னோட்டத்தை வெட்டி ஒட்டி தியேட்டர்களுக்கு அனுப்பினார். இசை சேர்க்கக்கூட நேரமில்லை. லாஸ் ஏஞ்சலீஸின் வெஸ்ட்வுட் பகுதியில் திரையிட்டபோது கைதட்டல் பிளந்தது. முழு டிக்கெட் வாங்கி முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோனவர்கள் உண்டு. காமிக்ஸ் கண்காட்சிகளில் அதன் திருட்டு வீடியோ நகல்கள் விற்றன.

1989 ஜூன் 23. படம் வந்தது. முதல் வார இறுதியிலேயே 4 கோடி டாலருக்கு மேல், உலகம் முழுக்க மொத்தம் 41 கோடி டாலர். கீட்டன் போட்டிருந்த ரப்பர் உடையில் கழுத்தைத் திருப்பவே முடியாது. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு மொத்த உடம்பும் திரும்ப வேண்டும். காது வேறு சரியாகக் கேட்காது. அந்த அவஸ்தையையே அவர் நடிப்பாக மாற்றிக்கொண்டார். அந்த விறைப்பான திரும்பல் பேட்மேனின் முத்திரையானது. கடிதம் எழுதியவர்கள் தியேட்டரில் விசிலடித்தார்கள்.

ஆனால் படத்தை உன்னிப்பாகப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். காமிக்ஸில் பேட்மேனின் பெற்றோரைக் கொன்றவன் ஜோ சில் என்ற தெருத் திருடன், படத்தில் ஜோக்கர். காமிக்ஸ் பேட்மேன் கொல்லமாட்டார். இந்த பேட்மேன் ரசாயன ஆலையை ஆட்களோடு சேர்த்து வெடிக்கவைக்கிறார். அடிப்படையையே தொட்ட மாற்றங்கள் இவை. தாடையைப் பற்றி 50,000 கடிதம் எழுதியவர்கள் இவற்றுக்கு அந்த அளவு சத்தம் போடவில்லை. வேறொரு விஷயம்தான் உறுத்தியது: பட்லர் ஆல்ஃபிரட், விக்கி வேல் என்ற கதாநாயகியைக் கேட்காமல் கொள்ளாமல் ரகசியக் குகைக்குள் கூட்டிவந்து விடுகிறாரே, அது எப்படி? முணுமுணுப்பு எவ்வளவு தூரம் போனது என்றால், 1992-ல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் பேட்மேனான புரூஸ் வெயினே ஆல்ஃபிரடிடம் அதைச் சொல்லிக் குத்திக்காட்டுகிறார். ரசிகரின் புகார் திரைக்கதைக்குள் நுழைந்துவிட்டது.

மன்னித்த பாவங்கள், மன்னிக்காத பாவங்கள்

ரசிகர் நூலிழை மாறினாலும் ஏற்கமாட்டார் என்பது பொதுவான எண்ணம். நடந்த கதையோ வேறு.

ஸ்பைடர்மேனை எடுத்துக்கொள்வோம். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-ல் படைத்த பீட்டர் பார்க்கர், வலை வீசும் கருவியைத் தானே கண்டுபிடித்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஏழை விஞ்ஞானப் பையன். சாம் ரெய்மியின் படத்தில் (2002) வலை அவன் உடம்பிலிருந்தே பீய்ச்சியடித்தது. 'பையனின் மூளையையே பறித்துவிட்டார்கள்' என்று படம் வருவதற்கு முன்பே எதிர்ப்பு இயக்கம் நடந்தது. படம் வந்த முதல் வார இறுதியில் 11 கோடி டாலரைத் தாண்டியது. முதல் மூன்று நாளில் 10 கோடி டாலரைத் தொட்ட முதல் படம் அதுதான். பணம் இல்லாமல், காதலைச் சொல்லத் தெரியாமல், மாமாவின் சாவுக்குத் தானே காரணம் என்று குமைகிற பீட்டரை டோபி மக்வயர் கண்ணில் பார்த்ததும், வலை எங்கிருந்து வந்தால் என்ன என்று பெரும்பாலானவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். சில ஆண்டுகளில் காமிக்ஸே ஒரு கதையில் பீட்டருக்கு உடம்பிலிருந்து வலை வரவைத்தது.

'எக்ஸ்-மென்' (2000) இன்னும் தமாஷ். காமிக்ஸ் வுல்வரின் ஐந்தடி மூன்று அங்குலம், குட்டையன், முரடன். முதலில் ஒப்பந்தமான டூக்ரே ஸ்காட் 'மிஷன்: இம்பாசிபிள் 2' படப்பிடிப்பில் மாட்டிக்கொள்ள, கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தவர் ஹ்யூ ஜேக்மன். ஆறடி தாண்டிய ஆஸ்திரேலியர், மேடை இசை நாடகங்களில் பாடி ஆடியவர். மஞ்சள் உடையும் கிடையாது; எல்லோருக்கும் கறுப்புத் தோல். முணுமுணுத்தார்கள். படத்தைப் பார்த்தபின் அந்த ஆறடியை இன்றுவரை விடவில்லை.

ஹீத் லெட்ஜர் கதை ஊரறிந்தது. 2006-ல் ஜோக்கராக அவர் பெயர் அறிவிக்கப்பட்டதும் காதல் பட நாயகனா என்று கேலி செய்தார்கள். 2008-ல் 'தி டார்க் நைட்' வந்தபோது அவர் உயிரோடு இல்லை. மறு ஆண்டு ஆஸ்கர் விருதை அவர் குடும்பத்தினர் மேடையேறி வாங்கினார்கள்.

சரி, மன்னிக்காதது எது? 1997-ல் ஜோயல் ஷூமாக்கர் எடுத்த 'பேட்மேன் & ராபின்'. ரப்பர் உடையின் மார்பில் காம்பு வைத்திருந்தார்கள். மிஸ்டர் ஃப்ரீஸாக வந்த அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் வாயைத் திறந்தால் ஐஸ் கடி ஜோக். பேட்மேன் இடுப்பிலிருந்து கிரெடிட் கார்டை உருவிக் காட்டினார். கதையைப் பார்த்தால் காமிக்ஸிலிருந்து பர்ட்டன் விலகிய அளவுக்கு இந்தப் படம் விலகியதாகச் சொல்ல முடியாது. ஆனால் 1966-ன் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் அன்று இருந்த கள்ளமின்மை இல்லை. பொம்மை விற்கும் அவசரம் மட்டும் தெரிந்தது. எட்டு ஆண்டுகள் பேட்மேன் படமே வரவில்லை. ஷூமாக்கர் பின்னாளில் வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார்.

இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரசிகரின் அளவுகோல் பிடிபடும். உயரம், உடை, வலை எல்லாம் பேரம் பேசக்கூடியவை. பாத்திரத்தை எடுத்தவர் நம்புகிறாரா, இல்லை கண்ணடித்துக்கொண்டே எடுக்கிறாரா என்பதில்தான் விட்டுக்கொடுப்பே கிடையாது.

ஸாக் ஸ்னைடரின் 'மேன் ஆஃப் ஸ்டீல்' (2013) இதில் ஒரு சிக்கலான வழக்கு. அதில் கேலி துளியும் இல்லை. ஆனால் க்ளைமாக்ஸில் சூப்பர்மேன் வில்லன் ஸோடின் கழுத்தை முறிக்கிறார். சூப்பர்மேனின் தொடக்கக் கதையை 'பெர்த்ரைட்' என்ற பெயரில் திரும்ப எழுதிய மார்க் வெய்ட், அந்தக் காட்சி தன் மனதை உடைத்துவிட்டதாக அன்றிரவே எழுதினார். தொழில்முறை எழுத்தாளர்தான், ஆனாலும் அதில் பேசியது சிறுவயதில் கிறிஸ்டோபர் ரீவைத் திரையில் பார்த்து மயங்கிய ரசிகர். இன்னொரு பாதி ரசிகர்களோ, கொன்றபின் சூப்பர்மேன் அலறும் அந்த அலறலுக்காகவே படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ரசிகர் கூட்டம் ஒரே குரலில் பேசும் என்ற நினைப்பு அங்கேயே உடைந்தது.

கட்டம் கட்டமாக நகலெடுத்தால்?

அப்படியே எடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா? அதையும் ஸ்னைடரே செய்து பார்த்தார். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986-87-ல் படைத்த 'வாட்ச்மென்', படமாக்கவே முடியாது என்று பெயரெடுத்த காமிக்ஸ். 2009-ல் அதை எடுத்தபோது கிப்பன்ஸின் கட்டங்களைக் கிட்டத்தட்ட ஸ்டோரிபோர்டு போலவே பயன்படுத்தினார். ரத்தத் துளி விழுந்த சிரிப்புப் பொத்தான் முதல் செவ்வாயின் கண்ணாடி மாளிகைவரை எல்லாம் இருந்தன.

மாறியது முக்கியமாக ஒன்று: முடிவு. காமிக்ஸில் நியூயார்க்கின் நடுவே ஸ்க்விட் (கணவாய்) போன்ற ராட்சத உயிர் ஒன்று தோன்றி லட்சக்கணக்கானோர் சாகிறார்கள். படத்தில் பழி டாக்டர் மன்ஹாட்டன் மேல் விழுகிறது. 'ஸ்க்விட் எங்கே?' என்று ஒரு தரப்பு கேட்டது. மறுதரப்பின் குறை ஆழமானது. சூப்பர் ஹீரோக்கள் எவ்வளவு பரிதாபமானவர்கள் என்று காட்டிய கதையில், ஒவ்வொரு அடியையும் ஸ்லோ மோஷனில் அழகாக்கிவிட்டார்களே என்றார்கள். ஆலன் மூர் தன் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்; டைட்டிலில் கிப்பன்ஸ் பெயர் மட்டும் இருக்கிறது. சுமார் 13 கோடி டாலர் செலவான படம் உலகம் முழுக்க வசூலித்தது 18 கோடி டாலர் சொச்சம். விளம்பரச் செலவையும் தியேட்டர் பங்கையும் கழித்தால் கையைக் கடித்த கணக்கு.

அதன்பின் 2019-ல் எச்பிஓ எடுத்த தொடர், காமிக்ஸை நகலெடுக்காமல் அதற்குப் பிந்தைய கதையைச் சொன்னது. 1921-ல் டல்சா நகரில் கறுப்பின மக்கள் மீது நடந்த படுகொலையில் தொடங்கியது. அந்தத் தொடரில் ஸ்க்விட் மழையாகவே பெய்தது.

கசிந்த காட்சி

டெட்பூல், வாய் ஓயாமல் பேசுகிற கூலிக் கொலைகாரன். அதுதான் அவன் அடையாளமே. 2009-ல் 'எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்' படத்தில் அவன் வாயையே தைத்துவிட்டார்கள். ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா? நடித்த ரயன் ரெனால்ட்ஸுக்கே ஆறவில்லை. 2012-ல் இயக்குநர் டிம் மில்லருடன் சேர்ந்து சில நிமிட மாதிரிக் காட்சி ஒன்றைச் செய்து ஃபாக்ஸ் ஸ்டூடியோவிடம் காட்டினார்கள். பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டது ஸ்டூடியோ.

2014 ஜூலையில் அந்தக் காட்சி இணையத்தில் கசிந்தது. யார் வெளியிட்டார்கள் என்பதை ரெனால்ட்ஸ் பல ஆண்டுகள் சிரித்தே மழுப்பிவந்தார். ரசிகர்கள் கொண்டாடிய வேகத்தில் செப்டம்பரிலேயே படத்துக்குத் தேதி குறிக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் 5.8 கோடி டாலர் செலவில் வந்த 'டெட்பூல்' 78 கோடி டாலர் கல்லா கட்டியது. பெரியவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழோடு சூப்பர் ஹீரோ படம் எடுத்தால் போணியாகாது என்ற ஹாலிவுட்டின் பழைய கணக்கை அது கிழித்துப்போட்டது. ரசிகர் சொன்னால் கேட்கலாம், காசும் வரும் என்று ஸ்டூடியோக்கள் தெரிந்துகொண்ட இடம் இது. அடுத்து வந்தது அந்தப் பாடத்தின் மறுபக்கம்.

மீசையும் நான்கு மணி நேரமும்

2017 மே மாதம். 'ஜஸ்டிஸ் லீக்' படத்தின் இறுதிக்கட்ட வேலையிலிருந்து ஸாக் ஸ்னைடர் விலகினார். அவருடைய மகள் தற்கொலை செய்துகொண்ட துயரம். மீதிப் படப்பிடிப்பை ஜாஸ் வீடன் ஏற்றார். புதுக் காட்சிகள் எடுக்க வேண்டிய நேரத்தில் சூப்பர்மேனாக நடித்த ஹென்ரி கெவில் வேறொரு படத்துக்காகத் தடித்த மீசை வளர்த்திருந்தார். 'மிஷன்: இம்பாசிபிள் - ஃபால்அவுட்' எடுத்த பாரமவுண்ட் அதை மழிக்க விடவில்லை. சரி, கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். நவம்பரில் படம் வந்தபோது முதல் காட்சியிலேயே சூப்பர்மேனின் மேலுதடு மெழுகில் செய்தது போல விறைத்து நின்றது. சுமார் 30 கோடி டாலர் விழுங்கிய படத்தின் அடையாளமாக மிஞ்சியது அந்த உதடு. வசூல் 66 கோடி டாலரோடு நின்றது.

'ஸ்னைடர் எடுத்ததை வெளியிடு' என்ற கோஷம் அப்போதே கிளம்பிவிட்டது. இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 'சூப்பர்மேன் 2' படத்திலிருந்து நீக்கப்பட்ட ரிச்சர்ட் டோனரின் வடிவம், ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கேட்டு 2006-ல் டிவிடியாக வந்தது. ஆனால் அதற்குக் கால்நூற்றாண்டு ஆனது. இந்தத் தலைமுறைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. 2019-ல் சான் டியாகோ காமிக்-கான் நடந்தபோது வாசகப் பதாகையை இழுத்துக்கொண்டு விமானம் பறந்தது. டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை ஏறியது. எல்லாம் ரசிகர்கள் சொந்தக் காசு. அதே கூட்டம் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படம் வெளியான இரண்டாம் ஆண்டு நாளில் பென் அஃப்லெக்கும் கேல் கேடட்டும் அதே கோரிக்கையைப் பதிவிட்டார்கள். 2020 மே மாதம் வார்னர் இறங்கிவந்தது. புதிதாகத் தொடங்கவிருந்த எச்பிஓ மேக்ஸ் தளத்துக்குச் சந்தாதாரர் வேண்டும்; கொரோனாவில் படப்பிடிப்பெல்லாம் முடங்கிக் கிடக்கிறது; கையில் ஏற்கனவே எடுத்த படம் இருக்கிறது. கோரிக்கையும் வியாபாரமும் கைகோத்த தருணம். சுமார் 7 கோடி டாலர் கூடுதலாகச் செலவழித்து 2021 மார்ச் 18 அன்று 242 நிமிடப் படம் வெளியானது.

நல்ல படமா? முந்தையதைவிடத் தெளிவான படம் என்பதை எதிர்த்தரப்பும் ஒப்புக்கொண்டது. வீடன் வடிவத்தில் ஓரங்கட்டப்பட்ட சைபார்க் இதில் கதையின் இதயம். தந்தையோடு அவனுக்கு இருக்கும் மனஸ்தாபம், கால்பந்து மைதானத்துக்கு வராத அப்பாவுக்காகக் காலியாகக் கிடக்கும் நாற்காலி ஆகியவற்றைப் பார்த்தபோது, எதை வெட்டி எறிந்திருந்தார்கள் என்பது புரிந்தது.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. 2022 ஜூலையில் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் ஒரு புலனாய்வை வெளியிட்டது. வார்னர் நிறுவனம் ரகசியமாக வாங்கிய ஆய்வறிக்கைகளின்படி, இந்த இயக்கத்தில் பேசிய கணக்குகளில் குறைந்தது 13 சதவிகிதம் போலி. வழக்கமாக 3 முதல் 5 சதவிகிதம்தான் இருக்கும். அதே ஆண்டு ஆஸ்கர் விழாவில் ரசிகர் வாக்கெடுப்பில் 'அதிகம் கைதட்டிய காட்சி'யாக ஜெயித்ததும் இந்தப் படத்தின் ஃப்ளாஷ் ஓடும் காட்சிதான். ஓட்டுப் போட்டது யார், எந்திரமா மனிதரா என்ற சந்தேகம் மேடைவரை தொற்றிக்கொண்டது. 1988-ல் கடித மூட்டையைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் ஒருவர் உட்கார்ந்து எழுதித் தபால்தலை ஒட்டியிருக்கிறார் என்றாவது தெரியும்.

அன்பா, அடாவடியா?

கோபம் எல்லா நேரமும் கதைக்காக வருவதில்லை. 2015-ல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்தில் ஜானி ஸ்டார்ம் வேடத்துக்கு மைக்கேல் பி. ஜோர்டான் தேர்வானபோது 'காமிக்ஸில் அவன் வெள்ளைக்காரன்' என்ற வாதத்தின் மறைவில் இனவெறி கொட்டியது. ஜோர்டான் 'என்டர்டெயின்மென்ட் வீக்லி' இதழில் கட்டுரையே எழுதிப் பதில் சொன்னார். படம் தோற்றது உண்மை. அதற்கும் அவர் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து 'பிளாக் பேந்தர்' படத்தின் கில்மாங்கராக அவரையே உலகம் கொண்டாடியது.

2019-ல் 'கேப்டன் மார்வெல்' வெளியாகும் முன்பே பிரீ லார்சனைக் குறிவைத்துக் கருத்துகள் குவிந்தன. படம் வரும் முன்பே கருத்துப் பதியும் வசதியையே ராட்டன் டொமேட்டோஸ் தளம் எடுத்துவிட்டது. படம் 110 கோடி டாலரைத் தாண்டியது. 'என் நாயகனைக் கெடுக்காதே' என்பது ஒரு ரசிகரின் உரிமைக்குரல். 'இவர்கள் என் நாயகனாக வரக்கூடாது' என்பது வேறு வகைக் குரல். இரண்டும் ஒரே மேடையில், ஒரே முகமூடியோடு நிற்பதால்தான் ஸ்டூடியோவுக்கும் விமர்சகருக்கும் தலைவலி.

தமிழில் பேசிய டோனி

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கொதிப்பு புதிதல்ல. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைத் தமிழில் கொண்டுவந்த நாளிலிருந்து, வெளிநாட்டு நாயகனைத் தன் மொழியில் சொந்தமாக்கிக்கொண்ட வாசகர் கூட்டம் இங்கே உண்டு. மார்வெல் படங்கள் தமிழ் பேசத் தொடங்கியதும் அந்தச் சொந்தம் இன்னொரு தலைமுறைக்குக் கை மாறியது.

2019 ஏப்ரலில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது வசனம் ஏ.ஆர்.முருகதாஸ். அயர்ன் மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி; பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா. பெரிய நட்சத்திரத்தின் குரல் என்றால் ரசிகர்கள் துள்ளிக் குதிப்பார்கள் என்பது கணக்கு. நடந்தது தலைகீழ். டோனி ஸ்டார்க் வாயைத் திறந்ததும் திரையில் தெரிந்தது ராபர்ட் டௌனி ஜூனியர், காதில் விழுந்தது விஜய் சேதுபதி. நடிகராக அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்கூட, பழைய டப்பிங் கலைஞரின் குரலே வேண்டும் என்று சமூக வலைதளங்களில் வரிந்துகட்டினார்கள். முந்தைய படங்களில் பேசியவரின் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் நக்கலும் வேகமுமாக வந்த அந்தக் குரல்தான் அவர்களுடைய டோனி. நட்சத்திரத்தைக் கொடுத்து நாயகனை எடுத்துக்கொண்டது போல இருந்தது அவர்களுக்கு. கீட்டனை எதிர்த்த அமெரிக்க ரசிகருக்கும், இந்தக் குரலை எதிர்த்த மதுரை ரசிகருக்கும் நடுவே 31 ஆண்டு இடைவெளி. மனக்குறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வாக்குவாதமே வசனமாக

இப்போது ஸ்டூடியோக்கள் ரசிகரின் சண்டையையே படமாக எடுக்கின்றன. 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' (2021) படத்தில் டோபி மக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், டாம் ஹாலண்ட் மூவரும் ஒரே சட்டகத்தில் நின்று, 'உன் உடம்பிலிருந்தே வலை வருமா?' என்று விசாரிக்கிறார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய எதிர்ப்பு இயக்கம் ஒரு சிரிப்பு வசனமாக முடிந்தது. தியேட்டரில் காது கிழிந்தது. வசூல் 190 கோடி டாலர்.

2024-ல் 'டெட்பூல் & வுல்வரின்' வந்தபோது ஹ்யூ ஜேக்மன் கடைசியில் அந்த மஞ்சள் உடையைப் போட்டார். 24 ஆண்டுக் காத்திருப்பு. காமிக்ஸ் உயரத்திலேயே ஒரு குட்டை வுல்வரினையும் ஒரு காட்சியில் நிறுத்தி, ரசிகரையும் தன்னையும் சேர்த்தே கிண்டல் செய்தது படம். 130 கோடி டாலரைத் தாண்டி ஓடியது.

ஆனால் பழைய முகங்களைக் கூட்டிவந்தால் போதும் என்று நினைத்தவர்களுக்கு 'தி ஃப்ளாஷ்' (2023) சூடு வைத்தது. இறந்துபோன கிறிஸ்டோபர் ரீவைக் கம்ப்யூட்டரில் உயிர்ப்பித்துக் காட்டியும் வசூல் 27 கோடி டாலரில் படுத்துவிட்டது. ரீவின் உருவத்தைப் பார்த்து நெகிழ்ந்தவர்களைவிட முகம் சுளித்தவர்கள் அதிகம். அதே ஆண்டு 'தி மார்வெல்ஸ்' 20 கோடி டாலர் சொச்சத்தோடு நின்று, மார்வெல் ஸ்டூடியோஸின் ஆகக் குறைந்த வசூல் என்ற பெயரை எடுத்தது. ரசிகர் கைதட்ட வேண்டிய இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு படமெடுத்தால், அந்த இடத்தைத் தவிர மற்ற இடங்களில் அவர் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்.

இத்தனைக்கும் நடுவே 2024 மே மாதம் இயக்குநர் ஜேம்ஸ் கன் தன் புதிய சூப்பர்மேன் டேவிட் கோரன்ஸ்வெட்டின் முதல் புகைப்படத்தை வெளியிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார் மனிதர். உடனே ஆராய்ச்சி தொடங்கியது. பேன்ட்டுக்கு மேல் ஜட்டி இருக்கிறதா, இல்லையா?

தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஓடும் ஜோக் இது. அமெரிக்காவிலோ சீரியஸான விவகாரம். சர்க்கஸ் பயில்வான்களைப் பார்த்து ஜோ ஷஸ்டர் 1938-ல் வரைந்த அந்தச் சிவப்பு ஜட்டியை 2011-ல் காமிக்ஸ் கழற்றியது. 2018-ல், 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' ஆயிரமாவது இதழில் திரும்பப் போட்டது. திரையில் 2013 முதல் அது இல்லாமல் இருந்தது. கன்னுக்கும் இரண்டு மனது. கோரன்ஸ்வெட்தான் வாதாடினார். கண்ணிலிருந்து நெருப்பைக் கக்கும் வேற்றுகிரகவாசி ஒருவன், தன்னைப் பார்த்துக் குழந்தைகள் பயந்துவிடக் கூடாது என்று நினைத்தால், மல்யுத்த வீரன் மாதிரி வேடிக்கையாக உடுத்திக்கொண்டுதானே வருவான்? கன் மடங்கிப்போனார். 2025 ஜூலையில் சிவப்பு ஜட்டியோடு வந்த 'சூப்பர்மேன்' 60 கோடி டாலரைத் தாண்டியது. ஜட்டிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டியவர்கள் ஒருநாள்கூட ஓய்வெடுக்கவில்லை. அந்த முதல் புகைப்படத்திலேயே துணி ஏன் இவ்வளவு தொளதொளவென்று இருக்கிறது, கழுத்துக்குப் பட்டி வைத்தது யார் யோசனை என்று ஆரம்பித்துவிட்டார்கள்.